ஷாட்கன் இருந்தா குறி பார்க்கவே வேண்டாமா?

அமெரிக்காவுல இருக்கிற நம்ம நேயர்கள் சிலர் கேட்ட கேள்வியைத்தான் இன்னிக்கு எடுத்துக்கறோம்: “வீட்டுப் பாதுகாப்புக்கு ஷாட்கன் வாங்கலாமா? அதுக்குக் குறி பார்க்கவே வேண்டாமாமே?” வாங்குங்க, வாங்காதீங்கன்னு நான் சொல்லப்போறதில்லை. அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா, முடிவு உங்களுக்கே தெளிவாகும்.

முதல்ல, ஷாட்கன்னா என்ன? ரைஃபிள் குழலுக்குள்ள சுருள் வரி வெட்டியிருக்கும். அதுதான் ஒத்தைக் குண்டைச் சுழல வச்சு நேரா அனுப்புது. ஷாட்கன் குழல் பொதுவா உள்ளே வழவழன்னு இருக்கும். ஒரு தோட்டாவுக்குள்ள பல சின்னக் குண்டுகள். நம்ம ஊர்ல பால்ரஸ்னு சொல்வாங்களே, அந்த மாதிரி. டிரிகரை ஒரு தடவை அழுத்தினா அத்தனையும் கூட்டமா வெளியே வரும்.

12 கேஜ், 20 கேஜ்னு சொல்றது குழலோட விட்டத்தை. அந்தக் குழலுக்குச் சரியாப் பொருந்துற ஈய உருண்டை எத்தனை சேர்ந்தா ஒரு பவுண்டு எடை வருமோ, அதுதான் கேஜ். அதனால எண் கூடினா குழல் சின்னது. 12 கேஜ் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 15.6. எண்ணைப் பார்த்து 20தான் பெருசுன்னு நினைச்சிடக்கூடாது.

இப்போ அந்தக் ‘குறி வேண்டாம்’ கதைக்கு வருவோம். சினிமாவுல ஒரு வெடி வெடிச்சா அறையே சல்லடை ஆகும். நிஜத்துல அப்படி இல்லை. குண்டுகள் ஒரு கஜத்துக்குச் சுமாரா ஒரு அங்குலம் விரியும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. படுக்கையறைக் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல நாலு மீட்டர் இருந்தா, விரிவு ஒரு உள்ளங்கை அளவுதான். பல தோட்டாக்கள்ல அதைவிடவும் குறைவு. ஆக, குறி பார்த்தே ஆகணும். குறி தப்பினா அந்தக் குண்டுக் கூட்டம் மொத்தமும் வேற எங்கேயோ போகும்.

எங்கே போகும்? இதுதான் நிஜமான கவலை. அமெரிக்க வீடுகள்ல உள் சுவர் செங்கல் இல்லை. மரச் சட்டத்துக்கு ரெண்டு பக்கமும் ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். வீட்டுப் பாதுகாப்புக்குப் பலர் வாங்குற 00 பக்‌ஷாட் தோட்டாவுல வழக்கமா 8 அல்லது 9 குண்டுகள் இருக்கும், ஒவ்வொண்ணும் 8.4 மில்லிமீட்டர். அது இந்த மாதிரிச் சுவரை ஒண்ணுக்கு மேலயே துளைச்சுப் போகும். அடுத்த அறையில குழந்தை தூங்கினா, அந்தச் சுவரைச் சுவர்னு கணக்குல எடுக்கவே முடியாது. பறவைக்குச் சுடுற பொடிக் குண்டு சுவருக்குள்ள சீக்கிரம் வேகம் இழக்கும். அதுக்காக அது ஆபத்தில்லாததுன்னு அர்த்தமில்லை. கிட்ட இருந்து சுட்டா அதுவும் உயிரை எடுக்கும்.

இன்னொரு விஷயம் சத்தம். 140 டெசிபலைத் தாண்டின ஒரே வெடி காதை நிரந்தரமாப் பாதிக்கலாம். ஷாட்கன் அதைத் தாண்டும், அதுவும் மூடின அறைக்குள்ள. அதனாலதான் பயிற்சிக்குப் போனா காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம்.

அடுத்து, வீட்டுல வைக்கிற முறை. ஷாட்கன்ல இருக்கிற சேஃப்டி பட்டன் பெரும்பாலும் டிரிகரை மட்டும்தான் தடுக்கும். சேம்பர்ல தோட்டாவோட துப்பாக்கி கீழே விழுந்தா, அந்தப் பட்டனை நம்ப முடியாது. அதனால சேம்பர் எப்பவும் காலியா இருக்கணும், துப்பாக்கி பூட்டின பெட்டிக்குள்ள இருக்கணும். அலமாரி மேல் தட்டு ஒளிக்கிற இடமே இல்லை. பிள்ளைங்களுக்கு அங்கே என்ன இருக்குன்னு நமக்கு முன்னாடி தெரியும். இன்னொரு உண்மையையும் சொல்லணும். அமெரிக்காவுல துப்பாக்கியால நடக்கிற சாவுகள்ல பாதிக்கு மேல தற்கொலை. வீட்டுல யாராவது மனசு உடைஞ்சு இருக்கிற காலத்துல, துப்பாக்கி அந்த வீட்டுல இல்லாம இருக்கிறதுதான் பாதுகாப்பு.

ரெண்டு கேஜ் துப்பாக்கி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 20 கேஜ் தோட்டா தவறுதலா 12 கேஜ் துப்பாக்கிக்குள்ள போனா, அது வழுக்கி உள்ளே போய்க் குழல்ல சிக்கிக்கும். பின்னாடி பார்த்தா காலியாத் தெரியும். மேல 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டா குழலே வெடிக்கும். இதுக்காகத்தான் 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்துல செய்றாங்க. நிறத்தைப் பார்க்காம எதையும் பாக்கெட்ல கலந்து போடாதீங்க.

இந்தத் துப்பாக்கியைப் பழகுறதுக்கு நல்ல இடம் விளையாட்டு மைதானம். பறக்கிற களிமண் தட்டைச் சுடுற போட்டிதான் ட்ராப், ஸ்கீட். 1900 பாரிஸ் ஒலிம்பிக் காலத்துல உயிருள்ள புறாவையே சுட்டாங்க. அந்த ஞாபகம் ‘களிமண் புறா’ங்கிற பேர்ல மிச்சம் இருக்கு. ஒலிம்பிக் தட்டோட விட்டம் 11 சென்டிமீட்டர், தோட்டாவுல குண்டு எடை 24 கிராமுக்கு மேல போகக்கூடாது. 2004 ஏதென்ஸ்ல ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் டபுள் ட்ராப்ல வாங்கினது, சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவுல முதல் வெள்ளி. நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ்ல ட்ராப் போட்டிக்குப் போனாரு. தட்டைத் துரத்தாம, அது வரப்போற இடத்துக்கு முன்னாடி சுடணும். ஒரு நாள் முயற்சி பண்ணிப் பாருங்க, ‘குறி வேண்டாம்’ங்கிற எண்ணம் அன்னிக்கே போயிடும்.

கடைசியா, புயல், வெள்ளம் மாதிரி அவசர நேரத்துக்குத் தயாராகிறது. நிறைய பேர் துப்பாக்கியில ஆரம்பிக்கிறாங்க. அமெரிக்க அரசோட ஆலோசனையில முதல்ல வர்றது தண்ணி: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், பல நாளைக்கு. அப்புறம் கெட்டுப்போகாத சாப்பாடு, மருந்து, டார்ச், ரேடியோ. இதெல்லாம் சேராம தோட்டாப் பெட்டி மட்டும் அடுக்கி வச்சா அது தயாரிப்பு இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பணும்னா துப்பாக்கி யார் பொறுப்புல, எந்தப் பெட்டியில போகும்னும் முன்னாடியே முடிவு பண்ணுங்க.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேற. மாசசூசெட்ஸ்ல பூட்டி வைக்கிறது கட்டாயம். எல்லா மாநிலத்திலயும் அப்படி இல்லை. எப்போ சுடலாம்ங்கிறதும் அப்படித்தான், வக்கீல்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கிறது நல்லது. இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கவே முடியாது.

ஆக, வாங்குறதுக்கு முன்னாடி உங்களையே மூணு கேள்வி கேளுங்க. என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குறாங்க? பூட்டின பெட்டியோட சாவி யார்கிட்ட? பயிற்சிக்குத் தொடர்ந்து நேரம் ஒதுக்குவேனா? ஒண்ணுக்காவது பதில் இல்லைன்னா, அந்தப் பணத்துல கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், வாசலுக்கு ஒரு விளக்கு. அதுலேர்ந்து ஆரம்பிங்க.