செம்பூரில் எருமை கட்ட யாரிடம் கேட்க வேண்டும்?

மும்பையின் செம்பூர், தேவ்னார் பக்கம் புதிய அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் குடிவருகிறவர்கள் சொசைட்டிக் கூட்டத்தில் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றி. மழைக்காலம் வந்து, பக்கத்து எருமைக் கொட்டகையின், இங்கே சொல்வதுபோல் தபேலாவின், நாற்றம் ஜன்னலுக்குள் நுழைந்ததும் இரண்டாவது கேள்வி வருகிறது: இதை எப்போது எடுப்பார்கள்? தபேலாக்காரர் தரப்பில் ஒரே பதில்தான். உங்கள் பில்டிங்குக்கு முன்பே நாங்கள் இங்கே இருக்கிறோம்.

முன்பே இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது லைசென்ஸ் ஆகாது. மகாராஷ்டிரத்தில் 1976 முதல் நகர்ப்புறக் கால்நடைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அரசு அறிவித்த நகரப் பகுதிக்குள் மாடோ எருமையோ வைத்திருக்க உரிமம் வேண்டும். குறிப்பிட்ட இடத்துக்கு மட்டுமே அது செல்லும். வெளியிலிருந்து புதிய மாட்டை உள்ளே கொண்டுவரவும் அனுமதி தேவை. மும்பையில் இதற்குப் பொறுப்பு மாநகராட்சி அல்ல, மாநில அரசின் கால்நடைக் கட்டுப்பாட்டாளர். ‘எம்’ மேற்கு வார்டு அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும் என்பதற்குக் காரணம் இதுவே. மாநகராட்சியின் கையில் இருப்பது 1888ஆம் ஆண்டுச் சட்டம்: சுகாதாரக் கேடு, அடைபட்ட சாக்கடை, அனுமதியில்லாத கொட்டகை. பால்கனியில் கோழி வளர்ப்பவர் மேல் பக்கத்து வீட்டார் கொடுக்கும் புகாரும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மூன்றாவதாக ஒரு கையும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வளர்ந்த மாடு ஒன்று நாளுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடும் என்பது அதிலுள்ள கணக்கு. ஐம்பது எருமை உள்ள கொட்டகையென்றால் தினமும் ஒரு டன்னை நெருங்குகிறது. கிராமத்தில் அது வயலுக்குப் போகும். செம்பூரில் வயல் ஏது? குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டால் நாலா எனும் திறந்த வடிகாலுக்குப் போகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கியபோது, சாக்கடையை அடைத்தவற்றின் பட்டியலில் தபேலாச் சாணமும் சேர்ந்தது இப்படித்தான்.

தபேலாவின் உள்ளே போய்ப் பார்த்தால் இதைப் பண்ணை என்று சொல்ல மனம் வராது. நீளமான கூரை, நடுவில் சாக்கடை, இரு பக்கமும் வரிசையாகக் கட்டிய எருமைகள். மேய்ச்சல் கிடையாது. பொழுது விடியுமுன் ஒரு கறவை, பிற்பகலில் இன்னொன்று. கேன் நிறைந்ததும் பால்காரப் பையாவின் சைக்கிளோ டெம்போவோ கிளம்பிவிடும். ஹரியானாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கறவையில் இருக்கும் எருமையை வாங்கி வருவார்கள். பால் வற்றியதும் விற்றுவிட்டு அடுத்ததை வாங்குவார்கள். இனவிருத்தி செய்து, வற்றிய மாட்டுக்கும் தீவனம் போட்டு வைத்திருக்க நகரத்து இடத்தில் கட்டுப்படியாகாது.

இந்த முறைக்கு மாற்றாகத்தான் பால்வளத் துறை ஆணையர் தாரா குரோடி 1949இல் ஆரே பால் குடியிருப்பைத் தொடங்கினார். நகரத்துக் கொட்டகைகளிலிருந்த எருமைகளை ஊருக்கு வெளியே, காட்டை ஒட்டி, தீவனமும் மருத்துவரும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவது திட்டம். இந்தத் துறைப் பணிக்காக 1963இல் வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோருடன் அவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. இன்று ஆரே ஊருக்கு வெளியே இல்லை. மெட்ரோ பணிமனைக்காக 2019இல் அங்கே மரம் வெட்டியபோது, நகரத்தின் நடுவிலுள்ள நுரையீரலை வெட்டுகிறார்கள் என்றுதான் போராடினார்கள்.

செம்பூரின் கதையும் வேறல்ல. 1906இல் குர்லாவிலிருந்து இங்கே வந்த ரயில் பாதை குப்பை ஏற்றத்தான் வந்தது. பயணிகள் ஏறியது 1924இல். பாந்த்ராவிலிருந்த பழைய இறைச்சிக்கூடம் 1971இல் தேவ்னாருக்கு மாறியது. நகரம் தனக்கு வேண்டியதை, ஆனால் பார்க்க விரும்பாததை, தள்ளிவைத்த ஓரம் இது. அந்த ஓரத்தில்தான் இப்போது இரண்டு படுக்கையறை வீடு கோடிகளில் விற்கிறது.

இப்போது காட்டப்படும் ஓரம் குஜராத் எல்லையை ஒட்டிய தாப்சரி. 2005 வெள்ளத்துக்குப் பின் அங்கே தபேலாக்களை மாற்றும் பேச்சு சூடுபிடித்தது. ஆனால் அங்கே கறந்த பால் நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து விடியலில் வாசலில் நிற்க வேண்டும். பாக்கெட் பாலைவிடக் கூடுதல் விலை கொடுத்துக் கெட்டியான எருமைப்பால் வாங்கும் வாடிக்கை இருக்கும்வரை தபேலாக்காரர் நகர மாட்டார். இடமாற்ற மனுவில் கையெழுத்துப் போடும் நம் வீடுகளில் டிகாக்‌ஷனில் விழுவதும் பல நேரம் அந்தப் பால்தான். என் கணிப்பில், லைசென்ஸ் அதிகாரியால் முடியாததை பில்டர் முடித்துவிடுவார். இடத்துக்கு நல்ல விலை வந்தால் எருமை தானே வெளியேறும்.

நகரத்துக்குள் மாடு என்பதில் சென்னையின் சிக்கல் வேறு. அங்கேயும் 1997 முதல் நகர்ப்புற விலங்குகள், பறவைகள் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. ஆனால் சென்னையில் மாடு தெருவில் திரிகிறது. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடு முட்டிய பிறகு அபராதம் ஏறியது. தபேலா எருமை தெருவையே பார்ப்பதில்லை. மும்பைத் தெருவில் தெரிவது கோயில் வாசலில் புல்கட்டோடு கட்டிவைத்திருக்கும் பசுதான்; காசு கொடுத்துப் புல் ஊட்டிப் புண்ணியம் தேடுபவர்கள் யாரும் அதற்கு உரிமம் கேட்பதில்லை. அரசியல் துணிவும் இந்த விஷயத்தில் குறைவு. குஜராத் அரசு 2022இல் இதே மாதிரி மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிவிட்டு, மாடு வளர்க்கும் மால்தாரி சமூகத்தின் எதிர்ப்பால் அதே ஆண்டில் திரும்பப் பெற்றது.

ஆகவே சொசைட்டிக்காரர்கள் செய்யக்கூடியது இதுதான். பக்கத்துத் தபேலாவுக்கு உரிமம் உண்டா, எத்தனை எருமைக்கு, எந்த இடத்துக்கு என்று கால்நடைக் கட்டுப்பாட்டாளரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். உரிமம் இல்லையென்றால் புகாரை அங்கேயே தொடரலாம். உரிமம் இருந்தால் எருமையை விட்டுவிட்டுச் சாணத்தைப் பிடிக்க வேண்டும்: எங்கே கொட்டுகிறார்கள், கழுவிய தண்ணீர் எந்த நாலாவுக்குப் போகிறது. அதற்கு வார்டு அலுவலகமும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பதில் சொல்லியாக வேண்டும்.