சமத்துவம் பேசும் ஊரில் இரட்டைக் குவளை

2022 டிசம்பர் 26 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்களுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் அடுத்தடுத்து நோய்வாய்ப்பட்ட பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அங்குள்ள மக்கள் அதை ஏற்கவில்லை.

அந்தச் சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். குடிநீர் பற்றி விசாரிக்க மறுநாள் அங்கு போன ஆட்சியர் கவிதா ராமுவிடமும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவிடமும் மக்கள் வேறு இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். பக்கத்து இறையூர் டீக்கடையில் தங்களுக்குத் தனிக் குவளை. அங்குள்ள அய்யனார் கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை. அன்றே ஆட்சியர் அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். கடைக்காரர் கைதானார்.

இது நடந்த ஆண்டைக் கவனியுங்கள். பெரியார் பிறந்த நாளான செப்டம்பர் 17ஐச் சமூக நீதி நாளாக 2021இல் அரசு அறிவித்தது. அலுவலகம்தோறும் உறுதிமொழி எடுக்கிறார்கள். வேங்கைவயல் செய்தி வந்தது, இரண்டாவது உறுதிமொழி முடிந்து மூன்றே மாதங்களில். தீண்டாமையை அரசியல் சட்டம் 1950இலேயே ஒழித்துவிட்டது. டீக்கடையில் பொதுப் பாத்திரத்தை ஒருவருக்கு மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

பிறகு எப்படி அந்தக் குவளை தொடர்ந்தது? கொள்கையைச் சொல்வதற்குச் செலவில்லை. மேடையில் கைதட்டினால் போதும். குவளையை மாற்றினால் சொந்தக்காரர் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். கடைக்காரரைக் கேட்டால், வாடிக்கையாளர் வராமல் போய்விடுவார் என்பார். வாடிக்கையாளரைக் கேட்டால், அது கடைக்காரர் வழக்கம், நமக்கென்ன என்பார். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும் இந்த ஏற்பாட்டில் யாரும் தன்னைச் சாதி பார்க்கிறவராக நினைப்பதில்லை. சமத்துவம் பேசும் கட்சிக்கே வாக்களித்துவிட்டு, அதே கடையில் கண்ணாடி டம்ளரில் டீ குடித்துவிட்டுப் போக முடிகிறது.

இதை நாம் தள்ளி நின்று பார்க்கும் காட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. சென்னையில் முஸ்லிம் என்றதும் வீடு இல்லை என்கிறார்களே, அப்போது கொதிக்கிறோம்; நியாயமான கோபம். நம் வீட்டு மாடியை வாடகைக்கு விடும்போது, வருகிறவர் எந்தத் தெரு, என்ன ஆள் என்று விசாரிக்காதவர் எத்தனை பேர்? தொழுகை வரிசையில் செல்வந்தரும் கூலித் தொழிலாளியும் தோளோடு தோள் நிற்பதைப் பெருமையாகச் சொல்கிறோம், அது உண்மையும்கூட. ஆனால் கொல்லை சுத்தம் செய்ய வருபவருக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு பழைய குவளையைத் தனியாக வைத்திருக்கும் வீடுகள் நம்மிலும் உண்டு. செய்யாததைச் சொல்வதைக் கண்டிக்கும் அஸ்ஸஃப் அத்தியாயத்தை அதே வீட்டில் ஓதுகிறோம்.

அதை அப்படி ஒதுக்கி வைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். "மாமியார் காலத்திலிருந்தே அங்கேதான் இருக்கு" என்பார்கள்.