ஓட்டியவர் யார்?

இரவு 2 மணிக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஓடி, சர்வரில் கோப்புகளை அழித்துவிட்டது. பதிவில் 'ரூட்' என்று மட்டும் இருக்கிறது. ரூட் அதிகாரம் பத்துப் பேரிடம் உண்டு. யாரைக் கேட்பது?

பலரும் முதலில் திறப்பது பேஷ் ஹிஸ்டரியை. அதை நம்பி ஒருவர்மேல் பழி போட முடியாது. பயனரே திருத்தக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு அது. வழக்கமாக ஷெல்லை மூடும்போதுதான் எழுதப்படும். ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டியது மட்டும் அதில் இருக்கும், உள்ளே ஓடிய வரிகள் இருக்காது.

கெர்னலைக் கேட்பதுதான் வழி. லினக்ஸில் ஸ்கிரிப்ட் ஒரு வெளிக் கட்டளையை அழைத்தால், ஷெல் 'ஃபோர்க்' செய்து தன் நகலாக ஒரு பிராசஸைப் பெறும். அந்தப் பிள்ளை 'எக்ஸெக்வி' என்ற சிஸ்டம் கால் மூலம் புது நிரலாக மாறும். ஒவ்வொரு பிராசஸுக்கும் சொந்த எண்ணும் பெற்றோரின் எண்ணும் உண்டு. ஆனால் பெற்றோர் முந்தி முடிந்துவிட்டால், பிள்ளையைப் பெரும்பாலும் 1ஆம் எண் பிராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும். வம்சாவளி அங்கே அறுந்துவிடும்.

அறாதது லாகின் அடையாள எண். ஒருவர் உள்நுழையும்போது கெர்னல் அதைக் குறித்துக்கொள்கிறது. அவர் தொடங்கும் எல்லாப் பிராசஸ்களுக்கும் அது வழிவழியாக இறங்கும். 'சூடோ' போட்டு ரூட்டாக மாறினாலும் மாறாது. எக்ஸெக்வியைப் பதிவுசெய்யும்படி 'லினக்ஸ் ஆடிட்' என்ற பதிவு வசதிக்கு ஒரு விதி எழுதிவிட்டால், பிராசஸ் எண், பெற்றோர் எண், இப்போதைய பயனர், ஆதியில் லாகின் செய்தவர் எல்லாம் பதிவில் இருக்கும். லாகின் அடையாள எண்ணின் இடத்தில் 4294967295 என்ற எண் தென்பட்டால் மிரள வேண்டாம்: லாகின் எதுவும் குறிக்கப்படவில்லை என்று பொருள். எல்லோரும் நேரே ரூட்டாகவே லாகின் செய்யும் அலுவலகத்தில் இத்தனை ஏற்பாடும் வீண். அங்கே ஆதியும் ரூட்தான்.

ஓர் ஓட்டை உண்டு. 'எக்கோ', 'சிடி' போன்றவற்றை ஷெல் தானே செய்துவிடுவதால் எக்ஸெக்வி நிகழாது; அவை இந்த விதியில் சிக்கா. 2005இல் சோலாரிஸ் 10 இயங்குதளத்துடன் வந்த டிட்ரேஸ் என்ற கண்காணிப்புக் கருவி இங்கே ஒரு படி மேல். அதற்கென மாற்றியமைத்த போர்ன் ஷெல் இருந்தால், எந்தப் பயனரின் எந்தப் பிராசஸ் எந்த ஸ்கிரிப்டில் எத்தனை வரி ஓட்டியது என்றே எண்ணிச் சொல்லும்.

ஆடிட்டை இயக்கும் முன் ஓர் எச்சரிக்கை: கட்டளையோடு தரும் வாதங்களும் அப்படியே பதிவாகும். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதும் ஸ்கிரிப்ட்களை முதலில் திருத்திவிடுங்கள்.