வைடூரியமும் கைவிடப்பட்ட குழிகளும்

நவமணிகளுள் ஒன்றாகிய வைடூரியம் எங்கே கிடைக்கிறது என்று வினவினால், இலங்கையில் என்று விடை கூறுவோரே பலர். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்துவரும் நம்மவருட் சிலரேனும், அந்நகருக்குக் கிழக்கேயுள்ள மேட்டு நிலங்களிலும் அதே மணி கிடைப்பதை அறிவர். அதன் பிறப்பையும், அதனைத் தேடித் தோண்டிக் கைவிடப்பட்ட குழிகளின் நிலையையும் ஈண்டு ஆராய்வோம்.

வைடூரியத்தைக் கனிம நூலார் கிரிசோபெரில் என்பர். பெரிலியம், அலுமினியம், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடியது இது. கடினத்தில் மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் சற்றே தாழ்ந்தது. மோஸ் அளவையில் இதன் எண் 8.5. பூமியின் ஆழத்தில் பாறைக் குழம்பு இறுகும்போது, பெரிலியம் போன்ற அரிய தனிமங்கள் மற்றப் படிகங்களில் இடம் பெறாது எஞ்சிய குழம்பிலேயே தங்கிவிடுகின்றன. அவ்வெச்சம் பழம்பாறைகளின் வெடிப்புக்களிற் புகுந்து இறுகியதே பெக்மடைட் என்னும் பாறை நரம்பு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் இத்தகைய நரம்புகள் பல உள. அவை தோன்றிய ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில், இலங்கையும் தென்னிந்தியாவும் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. இரு நாட்டிலும் ஒரே மணி கிடைப்பதில் வியப்பில்லை.

பாலைநிலத்து எரிமலைச் சாம்பலில் ஓப்பல் பிறக்கும் வகை வேறு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள வர்ஜின் பள்ளத்தாக்கில், சாம்பலுக்கு அடியில் புதைந்த மரங்களில் மணற்சத்துக் கலந்த நீர் ஊறிப் படிந்து ஓப்பலாயிற்று. நீரைத் தன்னுள் கொண்ட அக்கல், வெளியே எடுத்து உலரும்போது பல வேளைகளில் வெடித்துவிடும். ஓப்பலின் வண்ண ஒளியைத் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அறிஞர் சி. வி. இராமன் 1953-இல் ஆராய்ந்து கட்டுரை எழுதினார். நுண்ணிய மணற்சத்து உருண்டைகளின் ஒழுங்கான அடுக்கே அவ்வண்ணத்துக்குக் காரணம் என்பது 1960-களில் மின்னணு நுண்ணோக்கியால் உறுதியாயிற்று.

வைடூரியத்தின் ஒளியோ வேறு காரணத்தால் எழுவது. கல்லினுள்ளே மயிரினும் மெல்லிய ஊசிகள், அல்லது நுண்குழல்கள், ஒரே திசையில் நெருங்கிக் கிடக்கின்றன. அடிப்புறம் அவற்றுக்கு இணையாக அமையும்படி மேற்புறத்தைக் குவிவாகப் பட்டை தீட்டினால், ஊசிகளுக்குக் குறுக்கே ஓர் ஒளிக்கோடு தோன்றும். கல்லை அசைத்தால் கோடும் நகரும். பூனையின் கண்ணை ஒத்த தோற்றம் இதுவே. ஊசிகள் குறைந்தால் கோடு தோன்றாது. நிறமும் தெளிவும் குன்றினால் விலையும் குன்றும்.

இனிக் குழிகளைப் பற்றி. பெக்மடைட் பாறை மழையாலும் வெயிலாலும் சிதைந்து வெண்களிமண்ணாகிறது. கடினமான மணி மட்டும் அழியாது நின்று, ஆற்றுச் சரளையிற் சென்று தங்குகிறது. ஆகவே மக்கள் செம்பாறை மண்ணை வெட்டிக் களிமண்ணையும் சரளையையும் வாரி எடுத்து, நீரில் அலசித் தேடுகின்றனர். மணியோ தொடர்ச்சியாகக் கிடைப்பதன்று. ஒரு குழியில் இரண்டு மூன்று கிடைக்கும். அடுத்த பத்துக் குழிகள் வெறுமையாகும். கிடைப்பனவற்றிலும் பல மங்கலும் விரிசலும் உடையவை. அதனால் ஒன்றைக் கைவிட்டு வேறொன்றைத் தோண்டுவது வழக்கமாயிற்று. இக்கைவிடப்பட்ட குழிகளே பெருந்தீங்கு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இருபருவ மழையும் பெறும் நாடு அது. களிமண் சுவர் நீரூறிச் சரிந்தால், உள்ளே நிற்பவர் தப்புதல் அரிது. நீர் நிறைந்த குழி ஆடுமாடுகளுக்கும் சிறுவர்க்கும் எமன். காட்டு நிலத்திலும் புறம்போக்கிலும் அனுமதியின்றித் தோண்டுவது சட்டப்படி குற்றமாதலால், அவ்வாறு எடுத்தவர் மணியை மறைவாகவே விற்க நேர்கிறது. உயிரைப் பணயம் வைத்தவர்க்குக் கிடைப்பது சிறுதொகை, இடைத்தரகர்க்கே பெரும்பயன்.

நம் நாட்டுக்கு இது புதிதன்று. காங்கயத்தை அடுத்த படியூரில் கடல்நீல நிறப் பெரில் மணிகள் 1819, 1820-ஆம் ஆண்டுகளில் தோண்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டன. மணி தீர்ந்த பின்னும் குழி நிற்கும் என்பதே இவை உணர்த்தும் பாடம்.

வைடூரியம் வாங்க விழைவோர், கண்ணாடி இழையாற் செய்த போலிக் கல்லை அறிந்துகொள்வது நன்று. அதனைப் பக்கவாட்டிலிருந்து பூதக்கண்ணாடியால் நோக்கினால், தேன்கூட்டின் அறைகள் போன்ற அமைப்புத் தெரியும். உண்மைக் கல்லே ஆயினும், அது எம்முறையில் எடுக்கப்பட்டது என்று விற்பவரை வினவுதல் வாங்குவோரின் கடமை. வாங்குவோர் வினவத் தொடங்கினால், மறைவாகத் தோண்டுவித்து ஏழையின் உயிரில் இலாபம் காண்போரின் வாணிகம் சுருங்கும்.