ஒரு வயதாகியும் நடக்கவில்லையா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கல்யாண வீட்டில் கண்ட காட்சி இது. பெண்கள் பகுதியில் பாயில் உட்கார்ந்திருந்த ஓர் இளம் தாயின் மடியில் 13 மாத ஆண் குழந்தை. கிட்ட வந்த மாமி முறையான ஒருவர் பிள்ளையின் கன்னத்தைத் தடவிவிட்டுக் கேட்ட முதற் கேள்வி, "என்ன மகள், இன்னும் நடக்கல்லையா? எங்கட சின்னவன் பத்து மாசத்தில ஓடித் திரிஞ்சவன்!" என்பதுதான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அடுத்து வந்த சாச்சியும் அதையே கேட்டார். மூன்றாமவர் குரக்கன் கஞ்சி கொடுக்கும்படி வைத்தியமும் சொன்னார். சஹன் வைக்கும் முன்பே அந்தத் தாயின் முகம் வாடிவிட்டது. அடுத்த வாரமே சக்கரம் பூட்டிய 'வோக்கர்' ஒன்று அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதே பாயைச் சுற்றி இன்னொரு பெண் குழந்தை நடந்து திரிந்தது. ஒரு வயது நிறைந்து சில வாரங்கள்தான் இருக்கும். பத்தரை மாதத்திலேயே நடந்துவிட்டதாம். எல்லோரும் மெச்சினார்கள். அதன் உம்மம்மா பின்னாலிருந்து இரண்டு மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளை திரும்பவே இல்லை. "அவ அப்படித்தான், விளையாட்டில இருந்தா உலகமே மறந்துபோகும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

முதலில் அந்த ஆண் பிள்ளையின் கதையைப் பார்ப்போம். உலக சுகாதார ஸ்தாபனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் எண்ணூறுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து அவதானித்து, 2006 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. தனியாக நடக்கத் தொடங்கும் வயது அதில் சுமார் 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்து கிடக்கிறது. தனியே நிற்பது சுமார் 7 மாதம் முதல் 17 மாதம் வரை. நூற்றில் நான்கு பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. அப்படியானால் 13 மாதத்தில் நடக்காத பிள்ளைக்கு என்ன குறை? எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நின்றால், கதிரையைப் பிடித்து ஓரடி ஈரடி வைத்தால் அது தன் வழியில் வந்துகொண்டிருக்கிறது. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையாயின் கணக்கே வேறு. இரண்டு மாதம் முந்திப் பிறந்திருந்தால் அந்த இரண்டு மாதத்தைக் கழித்துத்தான் வயதைப் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை வைத்தியர்கள் இப்படித்தான் கணிக்கிறார்கள்.

வோக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் உட்காரும் பிள்ளை கால் நுனியால் உந்தித் தள்ளப் பழகுகிறதேயன்றி, உடம்பைச் சமநிலைப்படுத்தப் பழகுவதில்லை. இதனால் நடை பிந்துவதும் உண்டு. படியில் உருண்டு தலையில் அடிபடுவதும், அடுப்படிக்கு விரைந்துபோய்ச் சுடுநீரை இழுத்துக் கொட்டிக்கொள்வதும் அதைவிடப் பெரிய ஆபத்து. கனடாவில் 2004 ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நம் வீடுகளிலோ வெளிநாட்டிலிருந்து வாப்பா அனுப்பும் முதற் பரிசே பல சமயம் அதுதான்! தள்ளிக்கொண்டு நடக்கும் நம்முடைய பழைய மர நடைவண்டி எவ்வளவோ மேல். அதுவும் பிள்ளை தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய பின்னர், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும்.

இனி அந்தப் பெண் பிள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா என்று நம்மில் யாரும் கல்யாண வீட்டில் கேட்பதில்லை. ஒரு வயதில் உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகள் இந்த வகையைச் சேர்ந்தவைதான். "உம்மா", "வாப்பா" என்று எதையாவது அழைக்க முயல்கிறதா, அல்லது 'பபப', 'மமம' என்று ஓயாமல் மழலை பேசுகிறதா? போகும்போது கையசைக்கிறதா? தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டுகிறதா? "வேண்டாம்" என்றால் ஒரு கணமாவது நிற்கிறதா? விளையாட்டுப் பொருளைத் துணிக்கடியில் மறைத்தால் தேடுகிறதா? சிந்திய ஒரு சோற்றுப் பருக்கையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்கி எடுக்கிறதா? இதற்குப் பணம் கொடுத்து வாங்கும் பொருள் எதுவும் தேவையில்லை. கைத்தொலைபேசியில் படம் காட்டுவதை நிறுத்திவிட்டு, பிள்ளையின் முகம் பார்த்துப் பேசினாலே தெரிந்துவிடும்.

காது விடயத்தில் நாம் ஏமாறுவது மிகவும் இலகு. கதவு அடித்துச் சாத்தினால் பிள்ளை திடுக்கிடுகிறதே, பிறகென்ன காது கேளாமை என்போம். கதவின் அதிர்வை உடம்பால் உணரலாம். பெருஞ்சத்தம் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலிகள் கேளாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். உறவுக்குள் திருமணம் செய்த குடும்பங்களில் பிறவிச் செவிப்புலக் குறை சற்றுக் கூடுதல் என்பதை மறைப்பதில் பயனில்லை. நேரத்தோடு கண்டு கேட்டல் கருவி பொருத்தினால் பேச்சு வளர நிறைய வாய்ப்பு உண்டு. "அவட வாப்பாவும் பிந்தித்தான் பேசினார்" என்று ஆறுதல் சொல்லும் மாமிமார், அந்தப் பிள்ளையின் பெறுமதியான மாதங்களை அறியாமலே தட்டிப் பறிக்கிறார்கள். இதைச் சொல்வதில் எனக்குச் சங்கடமில்லை, நானும் அப்படிச் சொன்னவள்தான்.

ஒரு வயதில் பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டால், ஒரு கையை அல்லது ஒரு காலை மட்டும் பயன்படுத்தினால், பெயருக்குத் திரும்பாவிட்டால், கையசைப்பு, மழலை எதுவுமே இல்லாவிட்டால் காட்டிவிடுங்கள். ஒன்றரை வயதிலும் தனியே நடக்காவிட்டாலும் அப்படியே. செய்துகொண்டிருந்த ஒன்றை, பேசிய சொல்லை, பிள்ளை திடீரென மறந்துபோனால் எந்த வயதிலும் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். எங்கே போவது என்று தடுமாற வேண்டியதில்லை. ஒரு வயதுத் தடுப்பூசிக்குக் கிளினிக் போகத்தானே வேண்டும்? அங்குள்ள குடும்பநல உத்தியோகத்தரிடம், நம் வழக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை விரித்து வைத்துக் கேளுங்கள். நிறையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்ப விடாதீர்கள். தேவையானால் சிறுவர் வைத்திய நிபுணரிடம் அனுப்பி வைப்பார்கள். செவிப்புலப் பரிசோதனைக்குப் பிள்ளை பேசும் வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கைக்குழந்தைக்கும் செய்யலாம்.

அந்த ஆண் பிள்ளை பதினைந்தாம் மாதத்தில், வோக்கரிலிருந்து இறக்கி விட்டிருந்த ஒரு பின்னேரம், பூனைக்குப் பின்னால் நாலடி நடந்ததாம். பெண் பிள்ளைக்கு இரு காதிலும் குறை என்று தெரியவந்தபோது இரண்டரை வயது. அண்மையில் அதன் உம்மாவைக் கண்டேன். பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். "நடை பிந்தியிருந்தா அப்பவே காட்டியிருப்பன் மாமி" என்றார். "நேரத்துக்கு நடந்திட்டா. அதால நாங்க ஒன்டும் யோசிக்கல்ல."