அட்டனிலிருந்து திருச்சி: தூரமும் நேரமும்

தூரம் என்பது ஒன்று. அதைக் கடக்கச் செல்லும் நேரம் வேறொன்று. மலைநாட்டுத் தோட்ட மக்களுக்கு இது வெறும் பூகோளக் கணக்கன்று. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பின்னர், அண்ணன் அட்டனிலும் தம்பி நீலகிரியிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. அக்கரையில் ஒரு துக்கம் நேர்ந்தால், கடைசியாக முகம் பார்க்க முடியுமா என்ற வினாவுக்கு விடை இந்த நேரக் கணக்கிலேதான் இருக்கிறது.

முதலில் வான்வழியைப் பார்ப்போம். கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்லது. அப்படியாயின் அரை மணி போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த வேகம் உச்சியில் மட்டுமே வாய்ப்பது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லவும், மேலே ஏறவும், இறங்குமுன் வேகத்தைக் குறைத்து வரிசையில் நிற்கவும் நேரம் செல்கிறது. குறுகிய பயணத்தில் இவையே பெரும்பகுதி. ஆகவே ஒரு மணி நேரம் எனக் கொள்வதே முறை. 2006 முதல் இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுவதால், அதில் கூட்டவோ கழிக்கவோ வேண்டியதில்லை.

இனித் தரைவழி. செங்குத்தான சரிவுகளும் மூடுபனியும் நிறைந்த அட்டன், நுவரெலியாப் பகுதியில் பெரிய விமானம் இறங்கும் ஓடுபாதை இல்லை. கொழும்பிலிருந்து நானுஓயா நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர்தான். 1885இல் அங்கே எட்டிய இருப்புப்பாதையோ மலையைச் சுற்றிச் சுற்றி 200 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. சாலையும் அவ்வாறே வளைகிறது. அட்டனிலிருந்து கட்டுநாயக்கா செல்ல நான்கைந்து மணியாகும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். சாலையில் ஐந்து மணி. விமான நிலையத்தில் முன்கூட்டியே காத்திருக்க மூன்று மணி. வானில் ஒரு மணி. திருச்சியில் குடிவரவு, சுங்கச் சோதனைகளுக்கு ஒரு மணி. அங்கிருந்து குன்னூருக்கு ஆறு மணிக்குக் குறையாது. மொத்தம் பதினாறு மணி. அதில் பறப்பது ஒரே ஒரு மணி.

குறுகிய விமானப் பயணம் எப்போதும் விரைவான பயணமாகாது. 2019இல் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியிலிருந்து திருச்சி 185 கிலோமீட்டரே. கட்டுநாயக்காவிலிருந்து செல்வதில் பாதிக்கும் குறைவு. எனினும் அட்டனிலிருந்து பலாலியை அடையவே தரைவழியில் 350 கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கு உகந்த வழி தோட்டத்தாருக்கு உகந்ததன்று.

1914 முதல் தலைமன்னார்க் கப்பலும் இரு கரை ரயில்களும் ஒரே தொடராக இணைந்திருந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இராமேசுவரத்துடன் தொடர்ந்த கப்பலும் 1980களில் போரினால் நின்றது. அவ்வழியே சென்றவர்களின் பிள்ளைகளை இன்று விமானம் இணைக்கிறது.

ஆதலால், பயணநேரத்தை வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை கணக்கிடுங்கள். விமானத்தின் வேகத்தை நாம் கூட்ட இயலாது. கடவுச்சீட்டை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பது நம் கையில் உள்ளது. துக்கச் செய்தி வந்தபின் அதற்கு விண்ணப்பிப்பவருக்குப் பதினாறு மணி பல நாட்களாகிவிடும்.