லாரிக்காரருக்கு எந்த கார்டு?

செம்பனை ஆலையின் எடைமேடையில் லாரி ஏறி இறங்கியதும் கையில் ஒரு சீட்டு கிடைக்கும். அதில் குலையின் எடை இருக்கும், பணம் இருக்காது. பணம் இரண்டு வாரம் கழித்தோ மாதக் கடைசியிலோதான் வரும். டீசலை மட்டும் இன்றே ஊற்றியாக வேண்டும். தேய்ந்த டயரை நாளைக்கே மாற்ற வேண்டும். குலை ஏற்றும் ஆட்களுக்குக் கைச்செலவு வேறு. ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத் தோட்டங்களில் வளர்ந்து, இன்று சொந்தமாக லாரியோ வேனோ வைத்துத் தொழில் செய்கிறவர்கள் கிரெடிட் கார்டைத் தேடிப் போவது இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

வங்கியில் அவர்கள் முன்னால் இரண்டு வகை வைக்கப்படும். ஒன்று உயர்ரகப் பயண அட்டை: விமான நிலைய ஓய்வறை, மைல்கள், பயணக் காப்புறுதி, பல நூறு ரிங்கிட் ஆண்டுக் கட்டணம். மற்றது வணிக அட்டை: கட்டணம் குறைவு, செலவழித்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998இல் செப்பாங்கில் திறந்ததிலிருந்து நீலாய், லாபு மக்களுக்கு விமானம் பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது. பயண அட்டைமேல் கண் போவதில் வியப்பில்லை.

தோட்டத்தில் எல்லோருக்கும் இந்தத் தேர்வு வாய்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கார்டு கேட்க ஆண்டுக்குக் குறைந்தது 24,000 ரிங்கிட் வருமானம் வேண்டும் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் நம்பி இருப்பவருக்கு வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 20,400தான். அவருக்குக் கடன் என்றால் கடைக்காரரின் 555 புத்தகம்தான்: சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு, தேதி போட்டு அரிசி, மீன் டின், பால் மாவு என்று வரிசையாக எழுதி, சம்பள நாளில் கூட்டிக் கழிப்பது. அந்தப் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வங்கி கார்டுக்குத் தகுதி பெறுவது பெரிய காரியம். அதனாலேயே அந்தக் கார்டை அவர்கள் கணக்குப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஒரு லாரிக்காரர் மாதம் 5,000 ரிங்கிட் கார்டில் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 3,500 டீசல். பல பயண அட்டைகள் எண்ணெய் நிலையச் செலவுக்கு மைல் தருவதில்லை. தந்தாலும் மிகக் குறைவு. மிஞ்சும் 1,500க்கு, 3 ரிங்கிட்டுக்கு ஒரு மைல் என்றால் வருடத்துக்கு 6,000 மைல் சேரும். மைலுக்கு 4 சென் மதிப்புப் போட்டால் 240 ரிங்கிட். ஆண்டுக் கட்டணம் 800 என்றால் 560 கைநஷ்டம். எல்லாச் செலவுக்கும் அரை விழுக்காடு திருப்பித் தரும் வணிக அட்டையாக இருந்தால் 60,000 ரிங்கிட்டுக்கு 300 வரும். கட்டணம் 100 போனாலும் 200 மிச்சம். எந்த கார்டானாலும் ஒவ்வொன்றுக்கும் வருடம் 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. மனைவிக்கு எடுக்கும் துணை அட்டைக்கும் அதே வரிதான்.

சேர்த்த மைலை எங்கே செலவழிப்பது? தோட்டப்புறக் குடும்பங்கள் திருச்சிக்குப் போவது பெரும்பாலும் ஏர் ஏசியா போன்ற மலிவு விமானத்தில். மலேசியா ஏர்லைன்ஸின் மைல் திட்டமான என்ரிச்சில் சேர்த்த புள்ளியைக் கொண்டு அந்த டிக்கெட்டை எடுக்க முடியாது.

பயண அட்டை, வணிக அட்டை இரண்டையும் விட லாரிக்காரருக்கு அதிகம் மிச்சம் பிடித்துத் தரக்கூடிய மூன்றாவது அட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியது. அரசு அங்கீகரித்த சரக்கு வாகன வகைகளுக்கு மட்டும், உள்நாட்டு வாணிப அமைச்சிடம் விண்ணப்பித்து எண்ணெய் நிறுவனத்தின் ஃபிளீட் கார்டு பெற்றால், பழைய 2.15 விலையே என்று அறிவிக்கப்பட்டது. லிட்டருக்கு 1.20 வித்தியாசம். மாதம் 1,000 லிட்டர் ஊற்றுகிறவருக்கு அன்றைய கணக்கில் வருடம் 14,400 ரிங்கிட். எந்த விமான நிலைய ஓய்வறையும் இதற்கு ஈடாகாது. தன் லாரி அந்தப் பட்டியலில் வருகிறதா, இப்போதைய விலை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் வங்கிப் படியே ஏற வேண்டும்.

அடுத்தது வட்டி. தனிநபர் அட்டையில் 12 மாதமும் தவணை தவறாதவருக்கு வட்டி 15 விழுக்காடு வரை, 10 மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. வணிக அட்டைக்கு எவ்வளவு என்று வங்கியிடம் தனியாகக் கேட்க வேண்டும். 5,000 ரிங்கிட் பாக்கியை 18 விழுக்காட்டில் ஒரு வருடம் இழுத்தால் 900 ரிங்கிட் வட்டி. மேலே போட்ட மைல் கணக்கு, கேஷ்பேக் கணக்கு எல்லாம் அதில் அடிபட்டுப் போகும். மாதாமாதம் 5 விழுக்காடு மட்டும் கட்டினால் போதும் என்று பில்லில் அச்சடித்திருக்கும் வரியே பல வீடுகளில் கடனை வளர்த்த வரி. ஆலைப் பணம் 15ஆம் தேதி வருமென்றால், பில்லின் கடைசித் தேதியை அதற்குப் பின்னால் வைக்க முடியுமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வணிக அட்டையில் இன்னொரு நன்மை உண்டு. வீட்டுச் செலவும் லாரிச் செலவும் ஒரே பில்லில் கலக்காது. வருமான வரிக்காகத் தொழில் கணக்குகளை 7 ஆண்டு காப்பாற்றி வைக்க வேண்டும். டயர், டீசல், பழுது எல்லாம் தனி அறிக்கையாக வந்தால் அந்த வேலை பாதி முடிந்த மாதிரி. ஆனால் கம்பெனி பெயரில் கார்டு, நமக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சிறு நிறுவனங்களுக்கு உரிமையாளரின் சொந்த உத்தரவாதத்தையும் வங்கிகள் வாங்குவது வழக்கம். ஒற்றை உரிமையாளர் தொழிலில் கடன் நேராக அவர் தலையில்தான். தவணை சறுக்கத் தொடங்கினால் வட்டி முதலையிடம் ஓட வேண்டாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே, தனிநபர் கடனுக்குக் கட்டணமில்லாமல் ஆலோசனை தந்து, வங்கியிடம் பேசித் தவணையைச் சீரமைக்க உதவுகிறது.

பயண அட்டை பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். சிரம்பானில் துணிக்கடை வைத்து, சேலை எடுக்க வருடத்தில் பலமுறை சென்னைக்கு முழுக்கட்டண விமானத்தில் பறப்பவர், பில்லை மாதாமாதம் முழுதாக அடைப்பவர் என்றால், ஆண்டுக் கட்டணம் அவருக்குத் திரும்பிவிடும். வெளிநாட்டில் தேய்க்கும்போது பிடிக்கும் நாணய மாற்றுக் கட்டணம் எத்தனை விழுக்காடு என்பதை மட்டும் அவர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். தி. நகர்க் கடையில் கார்டு இயந்திரம் ரூபாயா, ரிங்கிட்டா என்று கேட்டால் ரூபாயையே தேர்ந்தெடுப்பது நல்லது; ரிங்கிட் என்றால் அங்கேயே அவர்கள் போடும் மாற்று விலை பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும்.